கான்கிரீட்டுக்கு ஆகாத தண்ணீர்

போன மாதம் எங்கள் பழைய பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் சிலர் என்னைப் பார்க்க வந்தார்கள். காபியைக் கையில் வாங்கியதுமே ஆரம்பித்துவிட்டார்கள்.

"மேடம், இப்ப கடையில போய்க் கேட்டா சாம்பல் கலந்த சிமெண்டுதான் ஜாஸ்தி வச்சிருக்காங்க. சைட்டுக்குப் போனா அதுக்கு எங்களப் புடிச்சித் திட்றாங்க. நீங்க இன்னா சொல்றீங்க, அது நிக்குமா நிக்காதா?"

நிற்கும் என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஒரே வார்த்தையில் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு வேலையில் இருந்தபோதே கிடையாது. சேகோ ஆலைத் தொட்டி கதையைச் சொன்னேன். பாதியில் ஒரு பெண் சிரிப்பு தாங்காமல் காபியைத் துப்பட்டாவில் கொட்டிக்கொண்டாள். முடிவில், "மேடம், நீங்களா கொஞ்சம் சேத்துச் சொல்றீங்க" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் எதையும் சேர்க்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் மணலூர்பேட்டை. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு மருந்துக் கம்பெனிக்குப் போகப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள், சிமெண்டில் வந்து விழுந்தேன். முதல் வருடங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விழுப்புரத்திலும் கடலூரிலும் மணல் சலித்தேன், ஜல்லி எடை போட்டேன், கியூப் உடைத்தேன். கியூப் என்பது எந்தக் கட்டடம் கட்டுகிறார்களோ அந்தக் கான்கிரீட்டிலேயே வார்த்து எடுக்கும் கனசதுரக் கட்டி. அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு மிஷினில் வைத்து நசுக்கி, எவ்வளவு அழுத்தம் தாங்குகிறது என்று பார்ப்போம். அதுதான் எங்கள் பிழைப்பு.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனபோது எங்களுக்கும் ஒரு பரிசோதனைக் கூடம் கொடுத்தார்கள். கட்டடம் கொடுக்க மறந்துவிட்டார்கள். ஓட்டமில்லாமல் மூடிக் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்தோம். கியூப் உடைக்கும் மிஷினின் கனத்தைத் தாங்கக்கூடிய இடம் மணமேடை ஒன்றுதான் என்று மேஸ்திரி சொன்னதால் மிஷினை மணமேடையில் ஏற்றினோம். கியூப்கள் சமையல்கட்டில் அரிசி களையும் தொட்டியில் ஊறின. மணமகள் அறையில் நான் உட்கார்ந்தேன், மணமகன் அறையில் சார் உட்கார்ந்தார். அந்தப் பெயர்ப்பலகைகளைக் கழற்ற மேலிடத்தில் அனுமதி கேட்டோம், நான் ஓய்வு பெறும்வரை பதில் வரவில்லை. கான்ட்ராக்டர்கள் வாசலில் நின்று "மணமகன் உள்ள கீறாருங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவார்கள்.

சார் என்றால் தணிகாசலம் சார், எங்கள் உதவி இயக்குநர். விதிப் புத்தகத்தில் இல்லாத எதையும் அவர் செய்யமாட்டார், சொல்லமாட்டார். மழை பெய்கிறது என்று யாராவது சொன்னால்கூட ஜன்னல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் ஆமாம் என்பார். மனிதர்களிடம் அவருக்கு மரியாதை உண்டு, கியூப்களிடம் அதைவிட அதிகம் உண்டு. எல்லாக் கியூப்களையும் "அவர்" என்றுதான் சொல்வார். ஊறுகிற கியூப்பைத் தொட்டியிலிருந்து எடுத்ததும் அதன் மேல் ஈரம் சொட்டக்கூடாது, உள் ஈரம் காயவும் கூடாது என்று விதி. அதற்காக வீட்டிலிருந்து ஒரு பூந்துவாலை கொண்டுவந்து வைத்திருந்தார். குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல ஒவ்வொரு முகமாக ஒற்றி எடுப்பார். நாங்கள் யாராவது அந்தத் துவாலையில் கை துடைத்துவிட்டால் அன்று முழுக்க எங்களோடு பேசமாட்டார்.

உடைக்கும்போது மணமேடைக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவார். நாங்களும் கழற்றவேண்டும். மேடையில் யாரும் பேசக்கூடாது. கியூப்பை நடுவில் நிறுத்தி, வார்த்தபோது மேலே இருந்த முகம் பக்கவாட்டில் வருகிறதா என்று குனிந்து பார்த்து, "ஏத்தலாம்" என்பார். நான் மிஷினை ஓட்டுவேன். முள் மெதுவாக ஏறும். முதலில் அரிசி பொரிவதுபோல ஒரு சத்தம் வரும், அப்புறம் படீரென்று போகும். சார் ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்று, "போயிட்டாரு" என்பார். அதற்கப்புறம்தான் அளவை எழுத வேண்டும். நான் அவரிடம் சேர்ந்த புதிதில் சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கொஞ்ச நாளில் எனக்கே பழகி, வீட்டில் தேங்காய் உடைக்கும்போதும் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தேன்.

இப்படி இருந்த எங்களிடம் ஒரு திங்கட்கிழமை அஞ்சலை அம்மா வந்தார். கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே அவருக்குக் கையகல நிலமும் ஒரு கிணறும் இருந்தன. கணவர் இல்லை. இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தார். கிணற்றுக்கு மேட்டுப் பக்கத்தில் ஒரு சேகோ ஆலை. மலையிலிருந்து இறங்கும் குச்சிக்கிழங்கை அரைத்து, மாவெடுத்து, ஜவ்வரிசி ஆக்கும் ஆலை. மாவு கழுவிய தண்ணீரை ஒரு பெரிய கான்கிரீட் தொட்டியில் தேக்குவார்கள். அரைத்த மாவு புளிப்பதுபோல அந்தத் தண்ணீரும் புளிக்கும். புளிப்பு என்றால் சாதாரணப் புளிப்பு இல்லை, ஊர் எல்லையிலேயே மூக்கைப் பொத்திக்கொள்ளவேண்டும். அந்தத் தண்ணீர் தன் கிணற்றில் இறங்குகிறது என்றார் அஞ்சலை. ஒரு எருமை அதைக் குடித்து வயிறு ஊதி விழுந்து செத்துப்போனது. மிச்சமிருந்த ஒரு எருமைக்கு ஊருக்கு அந்தப்புறம் இருந்த குழாயிலிருந்து குடம் குடமாகத் தலையில் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தார். எருமை எவ்வளவு குடிக்கும் என்பது எருமை வளர்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரை எடுத்து வந்திருந்தார்.

"ஒரு ஆபீஸ்ல குடுத்தேங்க. அவங்க ப்ளீச்சிங் பவுடர் பொட்டலம் குடுத்து அனுப்பிட்டாங்க. இன்னொரு ஆபீஸ்ல பாட்டில வாங்கி வச்சாங்க, அப்புறம் பாட்டிலயே காணோம்ங்கறாங்க. நீங்க கொஞ்சம் பாருங்க சார்."

"அம்மா, நாங்க தண்ணி பாக்கறதில்லீங்க" என்றார் சார். "சிமெண்டு, மணல், ஜல்லி, கியூப். இது நாலுதான்."

அஞ்சலை பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த திங்கட்கிழமை மறுபடி வந்து, முந்தானையிலிருந்து ஒரு சாம்பல் நிறக் கட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். அச்சு வெல்லம் மாதிரி இருந்தது. அச்சு வெல்லம் வார்க்கும் மர அச்சில்தான் வார்த்திருந்தார். கக்கூஸ் கட்டியதில் மிஞ்சிய சிமெண்டில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிப் பிசைந்ததாம்.

"இது கியூபுதானுங்களே? இப்பப் பாருங்க."

நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஆனால் சாரின் முகத்தைப் பார்த்துவிட்டேன். அவர் அந்தக் கட்டியை இரண்டு கையாலும் எடுத்து, துவாலையால் ஒற்றி, அளவுகோல் வைத்து அளந்து, "அடி அகலம், தலை சிறுத்துருக்காரு. இவரு கியூப் ஆகமாட்டாரு" என்று வருத்தத்தோடு சொன்னார். அஞ்சலை எழுந்தார். அப்போது சார், "எந்தத் தண்ணியில பிசைஞ்சீங்கன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

"எங்க கெணத்துத் தண்ணிங்க."

சார் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். கான்கிரீட் கலக்கும் தண்ணீர் எப்படி இருக்கவேண்டும் என்று அதில் ஒரு விதி உண்டு. இவ்வளவுக்கு மேல் புளிப்பு இருக்கக்கூடாது, சந்தேகம் இருந்தால் அந்தத் தண்ணீரில் கியூப் வார்த்து, சுத்தமான தண்ணீரில் வார்த்ததோடு ஒப்பிட வேண்டும். மனிதர் குடிக்கும் தண்ணீரை எங்களால் சோதிக்க முடியாது. கான்கிரீட் குடிக்கும் தண்ணீரைச் சோதிக்கலாம். "அம்மா, உங்க கெணத்துத் தண்ணியில நீங்க வூடு கட்டப்போறீங்கன்னு ஒரு மனு குடுங்க" என்றார் சார்.

"எனக்கு எதுக்குங்க வூடு? இருக்கற வூடே போதும்."

"கட்ட வேணாம்மா. கட்டப்போறீங்க, அவ்ளோதான்."

இப்படியாக, கட்டப்போகாத வீட்டுக்குத் தண்ணீர் சோதித்தோம். தண்ணீர் புளிப்பு, கான்கிரீட் கலக்க ஆகாது என்று முத்திரை குத்திக் கொடுத்தோம். அதை வைத்துக்கொண்டு அஞ்சலை என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. அடுத்த திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் புரிந்தது. அவர் பெரிய அதிகாரிகள் முன்னால் அந்தக் காகிதத்தைத் தூக்கிப் பிடித்து, "சிமெண்டுக்கே ஆவாதுன்னு சர்க்காரே எழுதிக் குடுத்துக்குது. சிமெண்டு குடிக்கக் கூடாத தண்ணிய என் எருமை குடிக்கலாங்களா? நான் குடிக்கலாங்களா?" என்று கேட்டார். முதலில் கூட்டம் சிரித்தது. அப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆலை முதலாளி தேவராசுவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நல்ல மனிதர், வருகிறவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுப்பார், எதையும் ஒப்புக்கொள்ளமாட்டார். "என் தொட்டி அசல் சிமெண்டுல கட்டுனதுங்க. மாவுத் தண்ணி கான்கிரீட்ட இன்னா பண்ணிடும்? அந்தம்மா கெணத்துல அவங்க சாணித் தண்ணியே எறங்கியிருக்கும்" என்றார். அந்தத் தண்ணீர் கான்கிரீட்டை அரிக்கிறதா, அரித்தால் எந்தச் சிமெண்டில் தொட்டியைத் திருப்பிக் கட்டவேண்டும் என்று எங்களைச் சொல்லச் சொன்னார்கள். அரிக்கவில்லை என்று எங்கள் அறிக்கை வந்தால் அஞ்சலையின் மனு அதோடு முடிந்தது. இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சார் மூன்று விதமான கியூப் வார்த்தார். ஒன்று சாதாரணச் சிமெண்டில். இன்னொன்று அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்ததில். மூன்றாவது இரும்பு உலையில் மிஞ்சும் கசடை அரைத்துச் சேர்த்ததில். கலப்புச் சிமெண்ட் கியூப்களை வழக்கத்தைவிட அதிக நாள் தண்ணீரில் ஊறவிட்டார். நான் அவசரப்படுத்தியபோது, "இவங்க நிதானமானவங்க வசந்தா. ஆரம்பத்துல பலம் தெரியாது. தொந்தரவு பண்ணாதீங்க" என்றார். தேவராசு வந்து பார்த்துவிட்டு, சாம்பல் சிமெண்ட் கியூப்பை விரலால்கூடத் தொடவில்லை.

"சாம்பலப் போட்டுத் தொட்டி கட்டறதுக்கு நான் இன்னா சுடுகாட்டு கான்ட்ராக்டா சார்?"

ஆலைத் தொட்டியில் கியூப்களை வெங்காய வலைப் பையில் போட்டு, கயிறு கட்டித் தொங்கவிட்டோம். காவலுக்கு ஆலை வாட்ச்மேன் முனியன். மலையிலிருந்து இறங்கி வந்து அங்கேயே குடிசை போட்டிருந்தவர், சொன்ன சொல் தட்டாதவர். சார் அவரிடம் கும்பிட்டுச் சொன்னார். "முனியன், இவங்க சர்க்கார் சொத்து. நாங்க வர்ற வரைக்கும் உங்க பொறுப்பு. பத்திரமா பாத்துக்குங்க." முனியன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

கொஞ்ச மாதம் கழித்துப் போனோம். தராசு, துவாலை எல்லாம் எடுத்துக்கொண்டு ஜீப்பில் போனோம். அஞ்சலை வரப்பில் நின்றுகொண்டிருந்தார். முனியன் பெருமையோடு கயிற்றை இழுத்தார். வெளியே வந்த கியூப்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. முனை முறியவில்லை. மூன்றும் பளபளவென்று இருந்தன. சாதாரணச் சிமெண்ட் கியூப்பை எடை போட்ட சார், "இவரு எடை ஏறியிருக்காரு!" என்றார். தேவராசு கைதட்டி டீ சொல்லிவிட்டார். அஞ்சலை காலிக் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

சார் அறிக்கை எழுதப் பேனாவைத் திறந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கண்ணெதிரே தொட்டிச் சுவரில் ஜல்லி பல்லை இளித்துக்கொண்டிருக்கிறது, கியூப் மட்டும் எப்படி மாப்பிள்ளை மாதிரி வரும்? ஒன்றைத் தூக்கி முகர்ந்து பார்த்தேன். அந்தத் தொட்டியில் ஒரு நாள் கிடந்த கயிறே நாறும். கியூப் நாறவில்லை. துணி சோப்பு வாசனை அடித்தது.

"முனியன், இதுக்கு சோப்பு போட்டீங்களா?"

"போடாம?" என்றார் முனியன். "சர்க்கார் சொத்து, பத்திரமா பாத்துக்கன்னு சார்தான சொன்னாரு. அந்தத் தண்ணியில போட்டா நாலு நாள்ல அரிச்சிடுமே மேடம், தொட்டியே அரிச்சிப் போய்க்கினு கீது. அதான் நீங்க போனதும் வெளிய எடுத்துட்டேன். வாரா வாரம் சோப்பு போட்டுக் கழுவி எங்க வூட்ல அரிசி மூட்டை பக்கத்துல வச்சிருந்தேன். நீங்க வர்றீங்கன்னு போன் வந்ததும் உள்ள வுட்டேன். ஒரு கொறை சொல்லுங்க பாக்கலாம்."

தேவராசு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். நான் சாரைப் பார்த்தேன். "சார், தொட்டி அரிச்சிக்கிட்டு இருக்குன்னு ஆலை ஆளே சொல்லிட்டாரு. இதுக்கு மேல இன்னா வேணும்?"

"வாயால சொன்னது பரிசோதனை ஆகாது வசந்தா. மறுபடி போடணும்" என்றார் சார். அன்று அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அஞ்சலை இன்னும் எத்தனை நாள் தலையில் குடம் சுமப்பார் என்று ஜீப்பில் சண்டை போட்டேன். அவர் மடியிலிருந்த கியூப்பில் சோப்புக் கறையைத் துவாலையால் துடைத்துக்கொண்டே வந்தார்.

புதுக் கியூப்கள் இறங்கின. இந்த முறை சார் முனியனிடம் தெளிவாகச் சொன்னார். "முனியன், இவங்க கெடணும். அதுக்குத்தான் போடறோம். கெடலன்னா நீங்கதான் பதில் சொல்லணும்." முனியனுக்கு இது பெரிய அதிர்ச்சி. ஆனாலும் சரி என்றார்.

அடுத்த முறை போனபோது மூன்று கியூப்பும் கெட்டிருந்தன. மூன்றும் ஒரே அளவில் கெட்டிருந்தன, அதுதான் கோளாறு. மூன்றாவது கியூப்பின் ஆறு முகத்திலும் பூனை பிராண்டியதுபோலக் கோடுகள்.

"அந்த மூணாவது ஆளு மட்டும் கெடவே மாட்டேன்னாரு சார்" என்றார் முனியன். சாரைப் பார்த்து அவரும் கியூப்களை மரியாதையாகப் பேசக் கற்றுக்கொண்டிருந்தார். "அப்புறம் ரெண்டாவது ஆளும் அவரப் பாத்து மொரண்டு புடிச்சாரு. மூணு பேரும் கெடலன்னா என்னத்தான கேப்பீங்க? அதான் கம்பி பிரஷ்ஷ வச்சி நல்லா தேச்சி சமமாக்கிட்டேன். ஒருத்தருக்கு ஒண்ணு, இன்னொருத்தருக்கு ஒண்ணுன்னு நான் பாக்கலீங்க."

இந்த முறை அஞ்சலைக்கே சிரிப்பு வந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

இனிமேல் காவலுக்கு இந்த விஷயத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவர் வேண்டும் என்றார் சார். ஊர் முழுக்கத் தேடினோம். பாதிப் பேர் ஆலையில் வேலை செய்தார்கள், மீதிப் பேர் ஆலை நாற்றத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கோயில் பூசாரியைக் கேட்கலாம் என்றேன். கோயிலுக்குத் தேவராசு மணி வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்றார்கள். வாத்தியார் தேவராசு வீட்டில் குடியிருந்தார். தபால்காரர் அஞ்சலைக்கு மாமன் முறை. கடைசியில் சார் கள்ளக்குறிச்சிப் பட்டறையில் சொல்லி இரும்புக் கம்பியில் ஒரு கூண்டு செய்தார். புதிய கியூப்களை உள்ளே வைத்து, ஒரு பித்தளைப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் பேனாவோடு செருகிக்கொண்டார். கூண்டைத் தொட்டியில் இறக்கினோம். அந்தக் கிழங்கு சீசன் முழுக்க முனியன் கூண்டைக் காவல் காத்தார். அஞ்சலை தன் வரப்பில் உட்கார்ந்து முனியனைக் காவல் காத்தார்.

சீசன் முடிந்து கூண்டை வெளியே எடுத்த நாளை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஒரு பக்கத்துக் கம்பிகளைக் காணோம். புளித்த தண்ணீர் தின்றுவிட்டது. கூண்டு ஒரு பக்கம் வாயைத் திறந்துகொண்டு நின்றது. பித்தளைப் பூட்டு மட்டும் சேதமில்லாமல் தொங்கியது. கையை விட்டு எடுக்கலாம் சார் என்று நான் சொல்வதற்குள் சார் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து, பூட்டைத் திறந்து, கதவை நீக்கி, முறைப்படி கியூப்களை வெளியே எடுத்தார். தேவராசு உட்பட ஒருவரும் சிரிக்கத் துணியவில்லை.

சாதாரணச் சிமெண்ட் கியூப் முனையெல்லாம் மழுங்கி, ஏறக்குறைய லட்டு மாதிரி உருண்டிருந்தது. மேலே தொட்டால் வெள்ளைக் களி கையோடு வந்தது. சாம்பல் சிமெண்ட் கியூப்புக்குத் தோல் உரிந்திருந்தது, ஆனால் முனைகள் இருந்தன. கசடுச் சிமெண்ட் கியூப் இன்னும் கொஞ்சம் தேவலையாக இருந்தது. மணமேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு மூன்றையும் ஏற்றினோம். முதலாமவர் சத்தமே இல்லாமல் போனார். மற்ற இருவரும் முள்ளை ஏற்றிக்கொண்டே போனார்கள். தேவராசு கீழே நின்று அண்ணாந்து பார்த்தபடி, "சாம்பலா இவ்ளோ நேரம் நிக்குது?" என்றார்.

காரணம் கடினமானதல்ல. சிமெண்ட் இறுகும்போது உள்ளே சுண்ணாம்பு மிஞ்சும். புளித்த தண்ணீர் முதலில் தேடிப்போவது அந்தச் சுண்ணாம்பைத்தான். சாம்பலும் கசடும் அந்தச் சுண்ணாம்பைத் தாங்களே பிடித்துவைத்துக்கொண்டு கான்கிரீட்டை நெருக்கமாக்கிவிடும். இலையில் ஒன்றுமில்லை என்றால் விருந்தாளி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பான்? அதற்காக அரிக்கவே அரிக்காது என்று பொருளில்லை, மெதுவாக அரிக்கும். அதனால் புதுத் தொட்டிக்கு உள்ளே புளிப்பு தாங்கும் ஓடு பதிக்கவேண்டும், தண்ணீர் உள்ளே வருவதற்கு முன்னால் சுண்ணாம்புக் குழியில் புளிப்பை முறிக்கவேண்டும் என்றும் சார் எழுதினார். கட்டி முடித்த தொட்டியை நிறைய நாள் நல்ல தண்ணீரில் நனைக்கவேண்டும் என்றும் எழுதினார். நம் ஊரில் கலப்புச் சிமெண்ட் கெட்ட பெயர் வாங்குவது இந்த இடத்தில்தான். இரண்டு நாள் தண்ணீர் தெளித்துவிட்டு ஓடிவிடுவார்கள், அப்புறம் சாம்பலைத் திட்டுவார்கள். அந்தப் பெண்களுக்கும் இதைத்தான் சொன்னேன்.

தேவராசு ஒப்புக்கொண்டார். "சரி, சுடுகாட்டு கான்ட்ராக்டுன்னே வச்சிக்கிங்க" என்றார். பழைய தொட்டியை இடித்தார், புதியதைக் கட்டினார். முனியன் அதை நனைத்த நனைப்பில் பாசி பிடித்துவிட்டது. அஞ்சலையின் கிணற்றை மோட்டார் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். இரண்டு மழைக்காலம் போனது. தண்ணீர் ஆபீஸ்காரர்கள் கடைசியில் பாட்டிலைத் தொலைக்காமல் சோதித்து, குடிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். நாங்களும் சோதித்து, கான்கிரீட்டுக்கு ஆகும் என்று எழுதி, அந்தக் காகிதத்தைக் கொடுக்க நானும் சாரும் நேரிலேயே போனோம்.

காலை நேரம். அஞ்சலை அப்போதுதான் தலையில் குடத்தோடு குழாயிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

"கெணறுதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கும்மா சுமக்கறீங்க?" என்று காகிதத்தைக் கொடுத்தேன்.

"ரெண்டு பேப்பர் குடுத்துட்டீங்க மேடம். எனக்கு இருக்கறது ஒரே எருமை. ஒண்ணு பூடுச்சி. இதுவும் பூடுச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்? பேப்பரா பால் கறக்கும்?" என்றார். குடத்தை இறக்கி வைத்தார். பிறகு சாரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க சார். குடிக்கலாமா?" என்று கேட்டார்.

சார் வழக்கம்போல, எங்கள் கூடம் அதைச் சொல்ல முடியாது, கான்கிரீட்டுக்கு ஆகும் என்று மட்டும்தான் சொல்லமுடியும் என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். அஞ்சலை கிணற்றில் வாளியை விட்டு இறைத்து, ஒரு சொம்பில் மொண்டு அவரிடம் நீட்டினார். சார் சொம்பை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விதிப் புத்தகம் ஜீப்பில் இருந்தது. எடுத்து வரட்டுமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. சார் அண்ணாந்து முழுச் சொம்பையும் குடித்தார்.

"நல்லா இருக்குதும்மா" என்றார். அளக்காமல், எடை போடாமல், ஒன்றைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்ட முதல் அபிப்பிராயம் அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அஞ்சலை அழுவார் என்று நினைத்தேன். அவர் சொம்பை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, வேப்ப மரத்தடியில் ஒரு கட்டிலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன். உங்களுக்கு ஒண்ணும் ஆவலன்னா எருமைக்குக் குடுக்கறேன்."

நான் பதறிப்போனேன். சார் பதறவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிதான். கவனிப்புக் காலம்னு ஒண்ணு வேணும்" என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

அன்று முழுக்க அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அஞ்சலை வந்து வந்து அவர் முகத்தைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், வயிறு ஊதியிருக்கிறதா என்று தூரத்திலிருந்து சாய்ந்து பார்த்தார். முனியன் வேலியோரம் நின்று, "சார் கெடணுமா, கெடக்கூடாதா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டுவிட்டுப் போனார். பொழுது சாயும்போது அஞ்சலை கடைசியாக ஒருமுறை சாரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கிணற்றில் வாளியை விட்டு, இறைத்து இறைத்து மாட்டுத் தொட்டியை நிரப்பி, எருமையை அவிழ்த்து விட்டார். எருமை முகர்ந்து பார்த்தது. அது மூக்குவரை தண்ணீரில் முக்கி, தொட்டி காலியாகும்வரை தலையைத் தூக்கவே இல்லை.